ரம்ஜான் தேதி ஏன் முந்தின நாள் ராத்திரிதான் உறுதியாகுது? பிறை காலண்டரின் கணக்கு இதுதான்

ஆபீஸ் விடுமுறைப் பட்டியலில் ரம்ஜான், பக்ரீத் பக்கத்தில் ‘பிறையைப் பொறுத்து மாறலாம்’ என்ற குறிப்பைப் பார்த்திருப்பீங்க. ரயில் முன்பதிவோ 60 நாளுக்கு முன்பே தொடங்கிடும். பண்டிகைக்கு ஊருக்குப் போறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மாதம் எப்படிப் பிறக்குது?

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு சராசரியாக 29.53 நாள். அதனால் ஹிஜ்ரி மாதத்துக்கு 29 அல்லது 30 நாள்தான். 29-ம் நாள் சூரியன் மறைந்ததும் மேற்கு வானில் பிறை தெரிந்தால், அப்போதே அடுத்த மாதம் தொடங்கிடும். இந்தக் காலண்டரில் நாள் பிறப்பதே மாலையில்தான். பிறை தெரியலைன்னா, 30 நாளைப் பூர்த்தி செய்வாங்க.

வருஷா வருஷம் ஏன் முன்னாடி வருது?

12 பிறை மாதம் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டைவிட சுமார் 11 நாள் குறைவு. இந்தியாவின் பல சந்திரப் பஞ்சாங்கங்களில் இந்த இடைவெளியைச் சரிக்கட்ட அதிக மாதம் சேர்ப்பாங்க. இஸ்லாத்தில் அப்படிச் சேர்க்க அனுமதி இல்லை. அதனால் ரம்ஜான் நோன்பு வெயில், மழை, குளிர் எல்லாவற்றையும் சுமார் 33 ஆண்டுகளில் சுற்றி வந்துடும். 2030-ல் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் இறுதியில் இன்னொருமுறை எனப் புனித ரமலான் மாதம் இரண்டு தடவை தொடங்கும்.

ஒரே நாட்டில் ரெண்டு நாள் பெருநாளா?

ஆமாம். 2024-ல் கேரளா, ஜம்மு-காஷ்மீர், லடாக்கில் ஏப்ரல் 10-ம் தேதி ரம்ஜான். டெல்லி, தமிழ்நாடு உள்ளிட்ட மற்ற பகுதிகளில் ஏப்ரல் 11. மேற்கே போகப் போக சூரியன் தாமதமாக மறையும். அதற்குள் நிலா சூரியனிடமிருந்து இன்னும் கொஞ்சம் விலகியிருக்கும். அதனால் பிறை தெரியும் வாய்ப்பு கூடும். மேகம் மறைக்கலாம். எந்த ஊர்ப் பிறையை ஏற்பது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவிப்பார்.

லீவு போடப்போறீங்களா?

ரம்ஜான் பண்டிகை ஷவ்வால் மாதத்தின் முதல் நாள். அதனால்தான் முந்தின நாள் ராத்திரி வரை காத்திருக்கணும். பக்ரீத் துல்ஹஜ் மாதத்தின் 10-ம் நாள். பிறை பார்த்ததுமே சுமார் 10 நாளுக்கு முன்பே தேதி தெரிஞ்சிடும். முஹர்ரம் 10-ம் நாளான ஆஷூராவுக்கும் இதே கணக்குதான்.

ஆகவே ரம்ஜானுக்கு மட்டும் அடுத்தடுத்த ரெண்டு நாளையும் காலண்டரில் குறிச்சு வைங்க. நீங்க டீம் லீடா இருந்தா, அந்த ரெண்டு நாளிலும் முக்கியமான மீட்டிங் வைக்காதீங்க. கடைசி நேரத்தில் தேதி மாறினாலும் யாரும் லீவுக்காகக் கெஞ்ச வேண்டியிருக்காது.