நோயாளி எப்போது நுகர்வோர் ஆனார்?

சிகிச்சையில தப்பு நடந்தா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்னு இன்னைக்குச் சாதாரணமா சொல்றோம். 1995 வரைக்கும் அது உறுதியா இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986-ல். அதுக்கு முன்னாடி இழப்பீடு வேணும்னா சிவில் கோர்ட்தான்: கேட்கிற தொகைக்கு ஏத்த கோர்ட் ஃபீஸ், வருஷக்கணக்கில் வாய்தா. புதுச் சட்டத்தில் அப்போ ஃபீஸே கிடையாது. ஆனால் மருத்துவம் அந்தச் சட்டம் சொல்லும் 'சேவை'யா? சிகிச்சை அதில் வராதுன்னு 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இந்திய மருத்துவச் சங்கமும் அதே வாதத்தோட உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு.

அவங்க பிடிச்ச பாயிண்ட் இதுதான்: 'தனிப்பட்ட சேவை ஒப்பந்தம்' இதில் சேராதுன்னு சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது. 1995 நவம்பர் 13-ல் நீதிபதி எஸ்.சி. அகர்வால் எழுதிய தீர்ப்பு அதை ஏத்துக்கலை. அந்த வரி முதலாளி, வேலைக்காரர் உறவைப் பத்தினது; டாக்டர் நோயாளியோட வேலைக்காரர் இல்லை. ஸோ, காசு வாங்கிட்டுப் பார்க்கிற வைத்தியம் சேவைதான்.

அப்போ இலவச வைத்தியம்? சிலர்கிட்ட காசு வாங்கி, ஏழைகளுக்கு இலவசமா பார்க்கிற ஆஸ்பத்திரின்னா அந்த ஏழையும் நுகர்வோர். எல்லாருக்குமே இலவசம்னா யாருமே நுகர்வோர் இல்லை. அதாவது, முழுக்க இலவசமான அரசு ஆஸ்பத்திரியை நம்பி இருக்கிறவருக்கு மறுபடியும் அதே பழைய சிவில் கோர்ட். அதிகம் தேவைப்படுற ஆளுக்குத்தான் இந்தக் கதவு திறக்கலை.

போக முடிஞ்சவங்களுக்குக் கெடு 2 வருஷம். கேஸ் ஷீட் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு 2002-ல் விதி வந்தது. முதல்ல அதைக் கேட்டு வாங்குங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.