குன்னூர் வீட்டின் ஈரச் சுவர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து பேசினான். குன்னூரில் அவன் தாத்தா கட்டிய வீட்டில் இப்போது அம்மா மட்டும்தான் இருக்கிறார். இந்த மழையில் பின் அறைச் சுவர் இடுப்பளவுக்கு ஊறி, தரையில் தண்ணீர் சுரந்து, மர அலமாரியில் இருந்த துணிமணி, பத்திரம் எல்லாம் நனைந்துவிட்டதாம். "சார், பழைய பூச்சைத் தட்டிட்டு சிமென்ட் பூசிடலாம்னு மேஸ்திரி சொல்றார். அப்படியே பின்னாடி மண்ணைப் பொக்லைன் வச்சு வெட்டி இன்னொரு ரூம் எடுத்துடலாம்னு இருக்கேன். தை மாசத்துக்குள்ள முடிக்கணும்" என்றான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அவன் வெட்டப்போகிற மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை வகுப்பில் நான் நடத்தவே இல்லை.

சமவெளியில் வெள்ளம் வந்தால் ஆறு வாசல் வழியாக உள்ளே வரும். வடிந்த பிறகு சேற்றை அள்ளி, கழுவி, காயவைத்துக் குடியேறலாம். நீலகிரியில் பெரும்பாலும் தண்ணீர் வீட்டின் பின்பக்கத்திலிருந்து, மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. நம் மலையின் அடிப்பாறை மிகக் கடினமானது. ஆனால் அதன்மேல் பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய பாறையும் செம்மண்ணும் கிடக்கின்றன. அவற்றுக்கு அடியில் வெளிறிய களிமண் படலம் ஒன்று உண்டு. நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மழைநீர் மேல்மண்ணில் இறங்கி, களிமண்ணில் தடைபட்டு, பக்கவாட்டில் வழி தேடும். அந்த வழியில் வீடு இருந்தால் சுவர் ஊறும். வழியே அடைபட்டால் சரிவே நகரும்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. அவலாஞ்சி என்ற ஊர்ப்பெயரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரும் மண்சரிவைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்தது. 1978 நவம்பரில் ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சரிவுகள் ஏற்பட்டன. அடுத்த ஆண்டும் அதேபோல. அதன் பிறகுதான் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் மலை முழுக்க நடந்து, ஆபத்தான சரிவுகளைக் குறிக்கத் தொடங்கினார்கள். 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை இறங்கி உயிர்களையும் சாலையையும் கொண்டுபோனது.

2009 நவம்பர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 8ஆம் தேதி தொடங்கி மூன்றே நாள் மழை. குன்னூர், கோத்தகிரி, கேத்தி, ஊட்டிப் பக்கமெல்லாம் நூற்றுக்கணக்கான சரிவுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். மலை ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. எங்கள் பள்ளியின் வகுப்பறைகளில் சில குடும்பங்கள் தங்கியிருந்தன. அவர்களில் ஒரு பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "ரெண்டு நாளா கதவு சாத்த வரலை சார். மழைல மரம் உப்பிடுச்சுன்னு நினைச்சோம்." மரம் உப்பியிருக்கவில்லை. நிலை சாய்ந்திருந்தது. வீடு இரண்டு நாளாகவே நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்வது சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். அதில் பாதிக்கும் மேல் இங்கே ஒரு பகல், ஓர் இரவில் பெய்துவிட்டது.

இவ்வளவு மழையிலும் சில பழைய கட்டடங்கள் அசையாமல் நிற்கின்றன. அவை எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். படுகர்களின் பழைய ஹட்டிகள் பெரும்பாலும் மேடான முதுகில், வரிசை வீடுகளாக இருக்கும். ஓடையும் சதுப்பும் கீழே தள்ளி இருக்கும். ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியில் தொடங்கிய கல் பங்களாவும் மேட்டில்தான் இருக்கிறது. இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகம். அதே சல்லிவன் வெட்டிய ஊட்டி ஏரியின் கதை வேறு. ஏரி சுருங்கி, பழைய நீர்ப்பரப்பில் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. பெருமழையில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கினால் நாம் ஆச்சரியப்படுகிறோம்!

பிறகு மலையில் ஆட்கள் பெருகினார்கள். எஸ்டேட் லைன் வீடுகள் வந்தன. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் டான்டீ ஆனது அதுதான். அங்கே வேலை கிடைக்காதவர்கள் கிடைத்த சரிவில், கிடைத்த ஓடைக்கரையில் குடிசை போட்டார்கள். மேட்டு நிலம் ஏற்கெனவே யாருடையதாகவோ இருந்தது. "ஏன் அங்கே போய் வீடு கட்டினார்கள்?" என்று இன்று கேட்பவர்கள் இதை நினைக்க வேண்டும். வசதி இருந்து, தெரிந்தே ஓடையை மூடிக் கட்டியவர்களுக்கு என்னிடம் அந்த இரக்கம் இல்லை.

அவன் வீட்டுக்கு வருகிறேன். தாத்தா காலத்துச் சுவர் என்றால் கல்லும் செங்கலும், நடுவே மண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அப்படிப்பட்ட சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், பனிக்காலத்து வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதல் ஆண்டு பளபளவென்று இருக்கும். பிறகு பூச்சுக்கு மேலே, இன்னும் உயரத்தில் ஈரம் தெரியும். உப்புப் பூக்கும். உள்ளே மண் சாந்து கூழாகிக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் பூச்சு பாளம் பாளமாக விழும்போதுதான் தெரியும்.

அதனால் அவனிடம் மறுபடி பேசி, வேலையின் வரிசையை மாற்றச் சொன்னேன். முதலில் அம்மாவை முன் அறைக்கோ உறவினர் வீட்டுக்கோ மாற்று. பின்மேட்டில் ஏறிப் பார். மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாத்த வராத கதவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டு வருவாய்த்துறைக்குச் சொல். பழுதுபார்ப்பது அப்புறம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் வீட்டின் பின்னால் பழைய கால்வாய் எங்கே என்று தேடு. அந்தக் காலத்து வீடுகளில் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே மழைநீரைப் பக்கவாட்டில் கொண்டுபோக ஒரு கல் கால்வாய் பெரும்பாலும் இருக்கும். ஐம்பது வருட மண்ணும் இலையும் அதை மூடியிருக்கும். நடுவில் யாராவது தடுப்புச் சுவர் கட்டியிருந்தால் அதில் தண்ணீர் கசியத் துளை விட்டிருக்கிறார்களா என்று பார். துளை இல்லாத தடுப்புச் சுவர் அணைக்கட்டு மாதிரி. பின்னால் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு ஒருநாள் மொத்தமாக விழும். கூரை ஓரத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளிப் போகவேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சுவர். ஊறிய பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுக் காயவிட வேண்டும். கனத்த சுவர் ஓர் அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்று கட்டடக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். நம் மூடுபனியில் இன்னும் கூடும். தைக்குள் முடியாது. தை, மாசி வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு அறைக்குள் தீ மூட்டினால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். கரியடுப்பை மூடிய அறையில் வைப்பது உயிருக்கே ஆபத்து. காய்ந்த பிறகு மறுபடி சுண்ணாம்புதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது அரிது, கூலியும் கூடுதல். அதை நான் மறைக்கவில்லை.

நனைந்த பத்திரங்களை இஸ்திரி போடப் போனானாம். நல்லவேளை, கேட்டான். தாள்களுக்கு நடுவே மை இல்லாத வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் காற்றாட விட்டு, அடிக்கடி மாற்றினால் போதும். எழுத்து போயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

பொக்லைன் விஷயத்தில்தான் நாங்கள் சண்டை போட்டோம். சரிவின் அடியை வெட்டுவது சுவரில் சாய்த்து வைத்த ஏணியின் காலை இழுப்பது போல என்றேன். ஊரில் எல்லோரும் வெட்டித்தானே கட்டுகிறார்கள் என்றான். ஆமாம், வெட்டுகிறார்கள். 2009இல் இறங்கிய பல சரிவுகள் வெட்டிய இடத்தில்தான் இறங்கின என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, முன்பணம் கொடுத்துவிட்டேனே சார் என்றான். போகட்டும் தம்பி என்றேன்.

நேற்று மாலை ஒரு படம் அனுப்பியிருந்தான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். அடியில் பழைய கல் கால்வாய் தெரிகிறது, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது பக்கத்து மனைக்குள் போய் ஒரு புதுச் சுவரில் முட்டி நிற்கிறது. பக்கத்து மனைக்காரர் திருப்பூரில் இருக்கிறாராம். அவரிடம் இனிமேல்தான் பேச வேண்டும். 1978 மழையைக் குன்னூரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அப்போது அந்த மேட்டுத் தண்ணீர் எந்த வழியாக ஆற்றுக்கு இறங்கியது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பக்கத்து மனைக்காரரிடம் பேசும்போது அவனுக்கு உதவும்.