ஈறு நோயும் சி-ரியாக்டிவ் புரதமும்

சி-ரியாக்டிவ் புரதம் (சிஆர்பி) என்பது உடலில் எங்கேனும் அழற்சி உண்டாகும்போது கல்லீரல் மிகுதியாகச் சுரந்து ரத்தத்தில் சேர்க்கும் புரதம். பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கும் நாட்பட்ட ஈறு நோய் உள்ளவர்களிடம் இதன் அளவு, மற்றவர்களைவிடச் சராசரியாகச் சற்று உயர்ந்து காணப்படுகிறது.

கண்டுபிடிப்பு

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இப்புரதத்தைக் கண்டனர். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்னும் கூட்டுச்சர்க்கரையோடு வினைபுரிவதால் இப்பெயர் வந்தது.

ஈறிலிருந்து கல்லீரலுக்கு

துலக்காமல் விட்ட பற்படலம் காலப்போக்கில் காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலக, இடையில் பை போன்ற பள்ளம் உண்டாகிறது. நலமான ஈறில் பல் மருத்துவரின் அளவுக்கம்பி 1 முதல் 3 மி.மீ. வரையே இறங்கும். நோயுற்ற ஈறிலோ 5, 6 மி.மீ. வரை தடையின்றி இறங்குவதுண்டு. கம்பியை எடுத்ததும் ஈறோரத்தில் ரத்தம் துளிர்க்கும்.

வாய் முழுவதும் உள்ள இப்பைகளின் புண்பட்ட பரப்பு 8 முதல் 20 சதுர செ.மீ. வரை இருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள புண் கையில் இருந்தால் நாம் ஒரு நாள்கூட வாளாவிருக்க மாட்டோம். ஈறில் அது கண்ணுக்குத் தெரியாமல், பெரும்பாலும் வலியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகளும், அவற்றை எதிர்க்கும் செல்கள் வெளியிடும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்களும் அவ்வழியே ரத்தத்தில் கலக்கின்றன. இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்ட, சிஆர்பி பெருகுகிறது.

அளவுகள்

சிஆர்பியைக் கொண்டு இதயநோய் அபாயத்தையும் கணிப்பதுண்டு. சிறு அளவையும் காட்டும் நுண்ணுணர்வுப் பரிசோதனையில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அந்த அபாயம் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3-க்கு மேல் அதிகம். 2018-இல் வெளியான ஈறு நோய் வகைப்பாடும் இதே எல்லைகளைக் குறிப்பிடுகிறது. அளவு 10-ஐத் தாண்டினால் காய்ச்சல், காயம் போன்ற வேறு காரணங்களையே முதலில் தேட வேண்டும்.

சிகிச்சையின் விளைவு

கடும் ஈறு நோயுள்ள 120 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் சிஆர்பி உயர்ந்தது. ரத்தக் குழாய்களின் விரியும் திறனும் குறைந்தது. ஆறு மாதத்தில் அத்திறன் சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட மேம்பட்டது. காரை நீக்கி வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்தால் சிஆர்பி ஓரளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

வரம்பு

புகைபிடித்தல், உடற்பருமன், நீரிழிவு ஆகியவையும் சிஆர்பியை உயர்த்தும். ஆகவே ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து ஈறு நோயை உறுதிசெய்ய முடியாது. அதற்கு அளவுக்கம்பியும் எக்ஸ்ரேயும் வேண்டும். பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தால், வலி வரும்வரை காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.