சீனத்து உயிர்மூச்சுக் கலை

மூச்சே உயிருக்கு ஆதாரம் என்பதை உணர்ந்து, அதனை நெறிப்படுத்தும் வழிகளைப் பண்டை மக்கள் பலரும் ஆராய்ந்தனர். நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதனை விரித்துரைத்தார். சீனரும் தமக்கெனத் தனி நெறியொன்று கண்டனர். உடலெங்கும் ஓடும் உயிராற்றலைச் 'சி' என்றனர். அதனைப் பயிலும் கலை இன்று 'சிகுங்' என வழங்குகிறது. உடல்நலம், தற்காப்பு, உள்ளொளி ஆகிய மூன்றும் அதன் பயன்கள் என்பர்.

இக்கலையின் வரலாற்றை நாம் ஆராய்வதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே இதனைச் சீனர்க்கு அளித்தார் என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அது மெய்தானா?

ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973-இல் அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த பட்டு ஓவியமொன்றில் ஆணும் பெண்ணுமாய், முதியோரும் இளையோருமாய், 44 உருவங்கள் பயிற்சி செய்து நிற்கின்றன. எந்நோய்க்கு எப்பயிற்சி என்னும் குறிப்பும் சிலவற்றின் அருகே உண்டு. பின்னர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஹுவாதுவோ என்னும் மருத்துவர், புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளைத் தழுவி ஐவகைப் பயிற்சியைக் கற்பித்தார்.

போதிதருமர் சீனம் சென்றதோ ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில். மாவாங்துய் ஓவியம் அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. அவரைக் குறிக்கும் மிகப் பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சியின் பெயரில்லை. உடற்பயிற்சி பற்றிய பேச்சுமில்லை. அவர் பெயரால் வழங்கும் 'யிச்சின்சிங்' என்னும் பயிற்சி நூல் 1624-ஐ ஒட்டித் தோன்றியது. அதன் முன்னுரை போலி என்பதைச் சீன அறிஞர்களே எடுத்துக்காட்டினர்.

சீனர் தம் தவறுகளிலிருந்தும் கற்றனர். பதினேழாம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்துச் சென் குடியினரிடையே, மென்மையால் வன்மையை வெல்லும் 'தாய்ச்சி' உருவாயிற்று. அது அறிவோடு பயின்ற கலை. ஆனால் 1900-இல் பாக்சர் கிளர்ச்சியினர், மந்திரத்தாலும் மூச்சுப் பயிற்சியாலும் தம் உடலைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என நம்பி எதிர்நின்றனர், மாண்டவர் எண்ணற்றோர். பொய்ந்நம்பிக்கை உயிரையே விலையாகக் கேட்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

'சிகுங்' என்னும் பெயர் மருத்துவ முறையைக் குறிப்பதாகப் பரவியது 1949-க்குப் பின்னரே. இப்பயிற்சியால் தம் நோய் தணியக் கண்ட லியூ குய்சென் என்பவர், 1950-களில் அதனை மருத்துவ நிலையங்களில் வளர்த்தார். 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி இதனை ஒடுக்கியது. 1980-களில் அது மீண்டும் தழைத்தது. 2020-இல் யுனெஸ்கோ தாய்ச்சியை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. முதியோர் தடுமாறி விழுதலைத் தாய்ச்சி குறைக்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. எனினும் இது மருத்துவருக்கு மாற்றன்று. அவர்தம் துணையோடு பயிலத்தக்கது.

இவ்வாறு கூறுவதால் தமிழர் பெருமை குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. சீனத்துச் சுவான்சௌ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. கடல் கடந்து சென்ற நம் முன்னோர் அங்கே சிவபெருமானுக்குக் கோயில் எடுத்ததை அது பறைசாற்றுகிறது. கல்லே சான்று கூறும் பெருமை இருக்க, சான்றில்லாப் பெருமையை நாம் ஏன் நாடவேண்டும்?

பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழியாளரிடையே வாழும் நமக்கு, நம் சொல்லே நம் மதிப்பு. பிறர் கண்ட கலையைப் பிறருடையதென்று மனமாரப் போற்றுவோம். நல்லதாயின் நாமும் பயில்வோம். நமதைப் பேசும்போது மெய்யே பேசுவோம். அதுவே தமிழர்க்குப் புகழ்.