கரு இருந்தும் தங்காத காலம்

சோதனைக் குழாய்க் குழந்தை என்றதும் எல்லாரும் கண்ணாடிக் குழாயைத்தான் நினைக்கிறோம். ஆனால் அந்த வரலாற்றில் வைத்தியர்களை நீண்ட காலம் திணறடித்தது கருப்பையின் உட்படை.

சாதாரண தரத்தில் படித்ததுதான். ஈஸ்ட்ரஜன் அந்தப் படையைத் தடிப்பாக்கும். முட்டை வெளியேறிய பிறகு புரொஜெஸ்தரோன் அதைக் கரு ஒட்டும் பக்குவத்துக்குக் கொண்டுவரும். அந்தப் பக்குவம் மாதத்தில் சில நாட்கள் மட்டும்தான்.

இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் ரொபர்ட் எட்வர்ட்ஸ், பற்றிக் ஸ்டெப்டோ, ஜீன் பேர்டி மூவரும் 1969 முதல் 1978 வரை 282 பெண்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். கருவைக் கருப்பையில் வைத்தது 112 தடவை. பிறந்த குழந்தைகள் இரண்டே இரண்டு! எங்கள் ஊரில் ஒரு தடவை சரிவராவிட்டாலே "அவள்ட உடம்புல ஏதோ கோளாறு" என்று கதை கட்டிவிடுகிறார்கள். ஓல்டமில் கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? நிறைய முட்டை எடுக்கப் போட்ட ஓமோன் ஊசி, இயற்கையான சமநிலையைக் குழப்பியது. கரு ஒட்டுவதற்குள் மாதவிடாய் வந்துவிடும். அதைத் தடுக்கக் கொடுத்த மருந்தே கருவுக்குக் கேடாகியிருக்கலாம் என்று பின்னர் எட்வர்ட்ஸே சந்தேகப்பட்டார். 1977 இன் கடைசியில் ஊசியை விட்டுவிட்டு, இயற்கையாக முதிரும் ஒரே முட்டைக்காகக் காத்திருந்தார்கள். சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் ஓமோன் அளவு பார்த்தார்கள். 1978 ஜூலை 25 இல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள்.

அதே வருடம் ஒக்டோபர் 3, கல்கத்தா. வைத்தியர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. அவர் வேறு வழியில் யோசித்தார். ஊசி போட்டுப் பல முட்டைகள் எடுத்தார், ஆனால் கருவை அந்த மாதமே வைக்கவில்லை. 53 நாட்கள் உறையவைத்து, கருப்பை தன் இயல்பான சுழற்சிக்குத் திரும்பிய பிறகே வைத்தார். இன்று உலகமெங்கும் சாதாரணமாகச் செய்யும் முறை இது. அவுஸ்திரேலியாவில் உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்தது 1984 இல்தான்.

அவருக்கு என்ன கிடைத்தது? மேற்கு வங்க அரசின் விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. ஜப்பானில் நடந்த மாநாட்டுக்குப் போக அனுமதியில்லை. கடைசியில் கண் வைத்தியப் பிரிவுக்கு மாற்றினார்கள். (இடமாற்றம் என்ன செய்யும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டுமா?) 1981 ஜூன் 19 இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

1986 இல் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று பெயர் வாங்கியது மும்பாயில் ஆனந்த் குமாரின் குழு. முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளை வாசித்த அதே ஆனந்த் குமார்தான், முதலில் சாதித்தவர் அவரே என்று 1997 இல் எழுதினார்.