தாலி கட்டிய ஊர்

பாடாங் மேஹாவில் என் பாட்டி தலைமுறைக்காரர்கள் 'ஊரு' என்று சொன்னால் அது தமிழ்நாடு. பிறந்தது கெடாவில், பால் மரம் சீவியது கெடாவில். இருந்தும் 'ஊரு' அங்கேதான். ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது "அவ புருஷன் ஊருக்குப் போயிட்டாரு" என்று யாராவது சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். போனவர் அங்கே இன்னொரு கல்யாணம் செய்திருக்கலாம். முதல் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டதாகக் கடிதம் போட்டிருக்கலாம். அப்படியானால் இங்கே இருப்பவள் யார்? மனைவியா, இல்லையா? ஒரு நாட்டில் முறிந்த கல்யாணம் இன்னொரு நாட்டிலும் முறிந்ததுதானா என்று சட்டம் கேட்கும் கேள்வியை எங்கள் தோட்டங்கள் இந்த வடிவத்தில்தான் சந்தித்தன.

தோட்டத் தமிழர் வாழ்க்கை நெடுங்காலம் போக்குவரத்தாகவே இருந்தது. கங்காணி அழைத்து வந்தார், ஒப்பந்தமும் கடனும் தீர்ந்தவர்கள் திரும்பினார்கள், சிலர் மறுபடியும் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதைத் தடுத்தது. அதன் பிறகு போர், சயாம் ரயில் பாதை, சுதந்திரம். 1968இல் வந்த சட்டம் ஒன்று, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஒரே வீட்டில் கணவனுக்குச் சிவப்பு அட்டையும் மனைவிக்கு நீல அட்டையும் இருக்கும். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறியவர்களுக்குப் பின்னால் தோட்டத்து லயத்தில் தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள்.

தங்கிவிட்ட பெண் நீதிமன்றம் போயிருக்க முடியுமா? அன்றைக்கு மலாயாவில் இருந்தது 1952ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதிக்கு உட்பட்ட கல்யாணங்களை மட்டுமே அது கலைக்கும். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் அந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் இந்து வழக்கப்படி ஆண் இன்னொருத்தியையும் கட்டலாம் என்பதே சட்டத்தின் பார்வை. ஆகவே கல்யாணம் செல்லும், அதைக் கலைக்க மட்டும் கோர்ட்டு இல்லை. கோயில் தலைவரும் கிராணியும் உட்கார்ந்து பேசும் பஞ்சாயத்துதான் மிச்சம்.

அப்படியே கோர்ட்டுக்குப் போனாலும் இன்னொரு சுவர் இருந்தது. லாயர்கள் இதை 'டொமிசில்' என்பார்கள். ஒருவர் எந்த நாட்டை நிரந்தர வீடாக எண்ணி வாழ்கிறாரோ அது அவருடைய டொமிசில். ஏறக்குறைய நம்முடைய 'ஊரு'. இந்த விதிக்கு வேர் இலங்கையில் இருக்கிறது. லெ மெசுரியர் என்ற ஆங்கிலேயர் இலங்கை சிவில் சர்வீஸில் வேலை பார்த்தவர். மனைவியை விவாகரத்து செய்ய இலங்கை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1895இல் தீர்ப்பு வந்தது: இலங்கையில் வசித்தாலும் இவருடைய டொமிசில் இங்கிலாந்து, ஆகவே கல்யாணத்தைக் கலைக்க இலங்கை நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

ஒரே ஆள் ஒரு நாட்டில் கல்யாணமானவராகவும் இன்னொரு நாட்டில் தனி ஆளாகவும் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் பின்னால் இருந்த நியாயம். நியாயம் சரிதான். ஆனால் அதோடு இன்னொரு பழைய விதியும் ஒட்டிக்கொண்டிருந்தது: கணவனின் டொமிசில்தான் மனைவியின் டொமிசில். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் கெடாவை விட்டுத் தஞ்சாவூரில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டால், கடலையே தாண்டாத அவர் மனைவியின் 'ஊரும்' சட்டத்தின் கண்ணில் இந்தியா ஆகிவிடும். அங்கே அவர் வாங்கும் விவாகரத்து, கணவனின் டொமிசிலில் கிடைத்தது என்பதால் இங்கேயும் செல்லும். பாட்டிமார்கள் ஆசையோடு சொன்ன அதே சொல்லைச் சட்டம் அவர்கள் தலையில் கட்டிவிட்டது.

இங்கிலாந்து அந்த விதியை 1974இல் கைவிட்டது. மலேசியாவில் நீதிபதி ஓங் ஹோக் தை தலைமையில் ஓர் அரச ஆணையம் முஸ்லிம் அல்லாதோரின் திருமணச் சட்டங்களை ஆராய்ந்தது. அதிலிருந்து 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. முன்பு வழக்கப்படி நடந்து நிலைத்திருந்த கல்யாணங்கள் பதிவானவையாகவே கருதப்பட்டன. புதிய கல்யாணங்களுக்குத் தாலி மட்டும் போதாது, பதிவு வேண்டும் என்றானது. விவாகரத்துக்கு மலேசிய டொமிசில் வேண்டும் என்ற விதி நின்றது. ஆனால் 49ஆம் பிரிவு மனைவிக்கு ஒரு கதவைத் திறந்தது: கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, அவள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இங்கேயே வசித்திருந்தாலோ இங்கே வழக்குப் போடலாம். அவள் நிற்கும் இடமும் கணக்கில் வந்தது.

சரி, அவள் இங்கே வாங்கும் தீர்ப்பு இந்தியாவில் செல்லுமா? 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. திருப்பதியில் 1975இல் கல்யாணம் செய்த ஒருவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு மறுமணம் செய்தார். முதல் மனைவி இருதார மண வழக்குப் போட்டார். அமெரிக்கத் தீர்ப்பு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். எந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமே, அது ஏற்கும் காரணத்துக்காகவே கலைக்க முடியும். எதிர்த்தரப்பு தானாக முன்வந்து வழக்காடினாலோ சம்மதித்தாலோ விதிவிலக்கு உண்டு.

கைவிடப்பட்ட பெண்ணைக் காப்பாற்ற வந்த தீர்ப்பு இது. நம் பக்கத்தில் அதுவே திரும்பியும் வெட்டும். மலேசியாவில் பதிவான கல்யாணம் என்றால் கவலை குறைவு. தமிழ்நாட்டு மண்டபத்தில் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் கல்யாணம் முடித்து, சுங்கை பட்டாணியில் குடித்தனம் நடத்திய பெண்ணின் நிலை வேறு. மாப்பிள்ளை ஊருக்குப் போய் நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்தால், இங்கே அவள் வாங்கும் விவாகரத்து அங்கே ஆட்டம் காணும். இங்கே தனி ஆள், அங்கே இன்னும் மனைவி. 1895இல் பயந்தது அப்படியே நடக்கும்.

நான் எஞ்சினியர். கூலிமில் அளவுக்கருவி ஒன்றுக்குக் கொடுத்த சான்றிதழை ஜெர்மனியில் ஏற்றுக்கொள்கிறார்கள், அதற்கு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இருக்கிறது. பணத்துக்கும் வழி இருக்கிறது: மலேசிய உயர் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பை இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி அங்கே நேரடியாக நிறைவேற்றலாம். கடன் கடல் தாண்டுகிறது. விடுதலை தாண்டுவதற்கு மட்டும் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வழக்காட வேண்டியிருக்கிறது.

நம் தோட்ட வரலாற்றைக் கப்பல் ஏறியவர்களின் கதையாகவே எழுதிப் பழகிவிட்டோம். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று. போகாதவர்களின் சட்ட வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. 'ஊருக்குப் போயிட்டாரு' என்ற பேச்சோடு நின்றுபோன அந்தப் பாட்டிமார்கள், கடைசிவரை பாரங்களில் 'திருமணமானவர்' என்றே எழுதி வந்தார்கள். அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.