புரவலரும் பணியிடமும்: இரு கறுப்பின அறிவியலாளர்களை முன்வைத்து

அறிவியல் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆய்வாளருக்கு அதற்கான காலத்தையும் பொருளையும் அளித்தவர் யார், எந்த எதிர்பார்ப்போடு அளித்தார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கறுப்பின அறிவியலாளர் இருவர் பெற்ற ஆய்வு நல்கைகளை நோக்கினால் இவ்வினாவின் கனம் புலப்படும்.

முதலாமவர் எர்னெஸ்ட் எவரெட் ஜஸ்ட். 1883இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். 1907இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, கறுப்பினத்தவருக்கென நிறுவப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1909 முதல் கோடை விடுமுறைகளில் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகம் சென்று, கடல்வாழ் உயிர்களின் முட்டைகள் கருவுறும் விதத்தை ஆராய்ந்தார். 1916இல் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றார். உயிரணுவின் புறப்பரப்பு வெறும் உறையன்று, கருவுறுதலையும் வளர்ச்சியையும் நடத்தும் உறுப்பு என்பது அவருடைய கொள்கை.

பட்டம் இருந்தது, புகழும் வந்தது. எனினும் வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்குப் பணியிடம் தரவில்லை. அந்த இடைவெளியை 1920 முதல் நிரப்பியது சியர்ஸ் நிறுவனத் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டின் பணம். தேசிய ஆய்வுக் குழுவின் வழியாக வந்த அந்நல்கையால், ஆண்டின் ஒரு பகுதியேனும் கற்பித்தல் சுமையிலிருந்து விடுபட்டு அவரால் ஆய்வு செய்ய முடிந்தது. நன்மை மறுக்கவியலாதது. ஆனால் பணியிடம் ஒரு நிறுவனத்தின் கடமை. நல்கையோ ஒரு மனிதரின் விருப்பம். 1930களின் பெருமந்தத்தில், 1932இல் ரோசன்வால்டின் மறைவுக்குப் பின், ஜஸ்ட் மீண்டும் மீண்டும் புதிய புரவலர்களைத் தேட நேர்ந்தது. பரிசிலை நம்பிய புலவரின் நிலைதான். தன் நாட்டில் கிடைக்காத மதிப்பு ஐரோப்பாவில் கிடைத்தது. 1929இல் நேப்பிள்ஸ் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். 1930இல் பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் நிறுவனம் அவரை அழைத்தது. அவருடைய பெருநூல் 1939இல் வெளிவந்தது. 1940இல் பிரான்சில் ஜெர்மானியரால் சிறைவைக்கப்பட்டு, விடுதலையாகி நாடு திரும்பிய அவர், மறு ஆண்டே புற்றுநோயால் மறைந்தார்.

இரண்டாமவர் சார்லஸ் டிரூ. கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, ஹோவர்டில் ஆசிரியரானவர். ராக்பெல்லர் கொடையில் இயங்கிய பொதுக் கல்வி வாரியம் 1938இல் அளித்த நல்கை அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சேர்த்தது. பயிற்சி முடிந்ததும் கறுப்பினக் கல்வி நிறுவனத்துக்கே திரும்பிக் கற்பிக்க வேண்டும் என்பதே இத்தகைய நல்கைகளின் எதிர்பார்ப்பு. இரண்டே ஆண்டுகளில், இரத்தத்தையும் பிளாஸ்மாவையும் சேமிக்கும் முறை பற்றிய ஆய்வேடு அவருக்கு முனைவர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. 1940இல் போரில் சிக்கிய பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்ற அவர், அடுத்து அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்த வங்கிப் பணிக்கும் தலைமை தாங்கினார். அச்சங்கமோ முதலில் கறுப்பினத்தவரின் இரத்தத்தையே ஏற்கவில்லை. 1942இல் ஏற்றபோதும் அதைத் தனியே பிரித்து வைத்தது. இப்பாகுபாட்டுக்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை என்று டிரூ வெளிப்படையாகவே கண்டித்தார். 1941இல் ஹோவர்டின் அறுவை மருத்துவத் துறைக்குத் தலைவராகி, 1950இல் சாலை விபத்தில் இறக்கும்வரை இளம் கறுப்பின மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். செஞ்சிலுவைச் சங்கம் அப்பிரிவினையைக் கைவிட்டதும் அதே ஆண்டில்தான்.

இருவரின் வேறுபாடு திறமையில் இல்லை. டிரூவுக்கு நல்கை முடிந்த இடத்தில் ஒரு துறை காத்திருந்தது. அதுவும் இனப்பிரிவினை வகுத்த எல்லைக்குள் இருந்த துறைதான் என்பதை மறத்தலாகாது. ஜஸ்டுக்கோ, அவர் நாடிய ஆய்வு வாழ்வுக்கு உரிய பணியிடம் எங்குமே இல்லை. ஆகவே பணியிடத்தின் வேலையையும் நல்கையே சுமக்க நேர்ந்தது. அது அதற்கான கருவியன்று.

இது பழங்கதை என்று ஒதுக்க இயலவில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு நிதி விண்ணப்பங்களை ஆராய்ந்து 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, கல்வி, பயிற்சி முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் கறுப்பின விண்ணப்பதாரர் நிதி பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிடப் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு எனக் காட்டியது. பின்னர் அந்நிறுவனம் தொடங்கிய 'மொசைக்' என்னும் திட்டம், பன்முகப் பின்னணி கொண்ட இளம் ஆய்வாளருக்கு முதல் இரண்டாண்டு பயிற்சி நிதியும், பேராசிரியர் பணியேற்ற பின் மூன்றாண்டு ஆய்வு நிதியும் என வகுக்கப்பட்டது. நல்கையையும் பணியிடத்தையும் ஒரே கயிற்றில் கட்டிய ஏற்பாடு அது. ஜஸ்டுக்குக் கிடைக்காதது அதுவே. 2025இல் அத்திட்டம் முடித்துவைக்கப்பட்டது.

ஒரு சமூகம் தன் அறிவியலாளருக்கு எவ்வளவு பணம் தந்தது என்பது ஒரு கணக்கு. பணம் தீர்ந்த மறுநாள் அவர் எந்த ஆய்வகத்தின் கதவைத் தன் சொந்தச் சாவியால் திறந்தார் என்பது வேறு கணக்கு. வரலாற்றாசிரியன் இரண்டையும் பதிந்துவைத்தல் வேண்டும்.